முதல் சம்பளச் சீட்டும் முதல் வருமான வரிப் பாரமும்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த என் அக்கா மகள், முதல் சம்பளச் சீட்டை என் முன் விரித்தாள். "மாமா, 4,000 ரிங்கிட் என்றார்கள். கைக்கு வந்தது 3,500க்குச் சற்றே கூட. மீதி எல்லாம் வரியா?"

அதில் வரி என்பது 16 ரிங்கிட் சொச்சம்தான். அதை அவளுக்கு விளக்கிய வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன். சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ள, திருமணமாகாத மலேசியக் குடிமக்களுக்கான கணக்கு இது. கடை வைத்திருப்பவர்களுக்குப் பாரமும் (அதாவது படிவமும்) வேறு, கெடுவும் வேறு.

முதல் படி: வரி எது, சேமிப்பு எது என்று பிரியுங்கள்

சீட்டில் பெரிய பிடித்தம் ஊழியர் சேமநிதி: 11 விழுக்காடு, அவளுக்கு 440 ரிங்கிட். அது அவள் பணம்தான், அவள் பெயரிலேயே சேர்கிறது. சொக்சோ என்பது விபத்துக்கும் உடல் முடக்கத்துக்குமான காப்புறுதி. கடைசியில் பிசிபி என்று ஒரு பிடித்தம் தெரிகிறதல்லவா, அதுதான் வருமான வரிக்காக மாதந்தோறும் முன்கூட்டியே எடுக்கும் பணம். அது மதிப்பீடுதான். உண்மைக் கணக்கு ஆண்டு முடிந்த பிறகே தெரியும்.

"அந்த 16 ரிங்கிட்டும் எதற்கு?" என்றாள். காய்ச்சல் என்று அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் பதிவுக்கு 1 ரிங்கிட் வாங்குகிறார்கள். மருத்துவர் சம்பளமும் மருந்தும் அந்த ஒரு ரிங்கிட்டில் அடங்குமா? அவள் படித்த தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்ததும் அரசாங்கக் கருவூலம்தான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நான்தான் பழைய பினாங்குக் கதைக்குப் போய்விட்டேன். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பிறகு, சுங்க வரி இல்லாத துறைமுகம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. ஆனால் ஆட்சி நடத்தப் பணம் வேண்டுமே! அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் விற்பனை உரிமையை ஏலம் விட்டுத்தான் வருவாய் தேடினார்கள். கப்பல் முதலாளியிடம் வாங்காத பணத்தைக் கூலிக்காரனின் அபின் குழாயிலிருந்து எடுத்தார்கள் என்றே நான் படிக்கிறேன். சம்பளத்துக்கு ஏற்ப வரி என்பது அதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாம் படி: கோப்பு திறப்பது

சேமநிதி கழிந்தபின் ஆண்டு வருமானம் 37,333 ரிங்கிட்டைத் தாண்டினால், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் இணையத்தளத்தில் பதிவுசெய்து வரி எண் வாங்க வேண்டும். வாரியத்தை எல்எச்டிஎன் என்றால்தான் பலருக்கும் புரியும். கணக்குக் காட்டுவது வேறு, வரி கட்டுவது வேறு. கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று வந்தாலும் பாரத்தை அனுப்பத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: இஏ பாரமும் ரசீதுகளும்

போன ஆண்டின் சம்பளம், பிசிபி, சேமநிதி எல்லாம் அடங்கிய இஏ பாரத்தை முதலாளி பிப்ரவரி முடிவுக்குள் தர வேண்டும். வரவில்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை மடிக்கணினி வாங்கிய ரசீதை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன். மறு ஆண்டு எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள், எழுத்தெல்லாம் மங்கிப் போயிருந்தது. வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: கணக்கு

கழிவு என்பது வருமானத்திலிருந்து குறைப்பது. தள்ளுபடி என்பது வரியிலிருந்தே குறைப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு உதைக்கும்.

அவளுடைய ஆண்டுச் சம்பளம் 48,000. எல்லோருக்கும் பொதுவான தனிநபர் கழிவு 9,000. சேமநிதிக்கு அவள் 5,280 கட்டினாலும் கழிவின் உச்சவரம்பு 4,000தான். கைப்பேசி, புத்தகம், இணையக் கட்டணம் போன்றவற்றுக்கான வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வரை உண்டு. அவளிடம் 2,000க்கு ரசீது இருந்தது. எளிமைக்காகச் சொக்சோ கழிவை விட்டுவிடுகிறேன். மிச்சம் 33,000. வரி இதற்குத்தான்.

2023ஆம் மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் கிடைத்த ஆண்டு) முதல் உள்ள விகிதப்படி, முதல் 5,000க்கு வரி இல்லை. அடுத்த 15,000க்கு 1 விழுக்காடு, அதாவது 150. அதற்கடுத்த 15,000க்கு 3 விழுக்காடு. அவளுக்கு அதில் 13,000 மட்டும், அதாவது 390. ஆக 540. வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருப்பதால் 400 தள்ளுபடி. கட்ட வேண்டியது 140.

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டு நிறைந்த பிறகுதான் மேல்தட்டில் மாவு ஊற்றுகிறோம். மேல்தட்டில் விகிதம் கூடினாலும் கீழ்த்தட்டின் விகிதம் மாறுவதில்லை. ஆகவே சம்பளம் கூடினால் வரி எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று பயப்படுவது பெரும்பாலும் வீண்.

பெரும்பாலும் என்றதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு 1,000 ரிங்கிட் போனஸ் கிடைத்து, அந்த 2,000க்கான ரசீதுகளும் இல்லை என்று வையுங்கள். வரிக்குரிய வருமானம் 36,000. முதல் 35,000க்கு வரி 600, மீதி 1,000க்கு 6 விழுக்காடாக 60. 35,000ஐத் தாண்டியதால் தள்ளுபடி முழுதும் போய்விடும். கட்ட வேண்டியது 660. அதே ரசீதுகள் கையில் இருந்தால் வருமானம் 34,000 ஆகி, வரி 170தான். அந்த எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் ரசீதை நகை போலப் பாதுகாப்பது நல்லது.

ஐந்தாம் படி: அனுப்புவது

சம்பளக்காரர்களுக்கு பிஇ பாரம். கெடு ஏப்ரல் 30. இணையத்தில் அனுப்புவோருக்கு அண்மை ஆண்டுகளில் மே 15 வரை விட்டிருக்கிறார்கள். எண்களை நிரப்பினால் கணக்கை இணையத்தளமே போட்டுவிடும். வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள்.

ஓர் ஆண்டு முழுக்க அவளிடம் பிடிக்கும் பிசிபி சுமார் 200, கட்ட வேண்டியது 140. மீதி 60 ரிங்கிட் அவள் வங்கிக் கணக்குக்கே திரும்பி வரும். அதைக் கேட்டதும் எனக்கு நாசி கண்டார் சோறு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ரசீதுக்குக் கழிவு கிடையாது என்பதையும் சொல்லிவிட்டேன்.