இரண்டாவது பாப்பா வரும் முன், மூத்தவளுக்காக

இரண்டரை வயதுக் குழந்தைக்கு "இன்னும் 5 மாதம்" என்றால் ஒன்றும் பிடிபடாது. வயிறு நன்றாகத் தெரிந்த பிறகு சொன்னால் போதும். என் மகளிடம் அப்படித்தான் சொன்னேன். "சரி" என்றுவிட்டுப் பொம்மையைத் தேடப் போய்விட்டாள்.

படுக்கையை மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தொட்டில் பாப்பாவுக்கு வேண்டுமென்றால், பிரசவத்துக்கு 2 மாதம் முன்பே மூத்தவளைப் பெரிய படுக்கைக்குப் பழக்குங்கள். இல்லாவிட்டால் தன் இடத்தைப் பாப்பா பிடுங்கிக்கொண்டதாகவே அவளுக்குத் தோன்றும். கழிப்பறைப் பழக்கத்தை இப்போதே ஆரம்பியுங்கள், அல்லது பாப்பா பிறந்து சில மாதம் போகட்டும். பிரசவத்தை ஒட்டி வேண்டவே வேண்டாம். நன்றாகப் பழகிய குழந்தைகூடப் பாப்பா வந்ததும் மறுபடி உடையை நனைப்பது சகஜம். திட்டாதீர்கள்.

இரவில் தூங்கவைக்கும் வேலை இனி அப்பாவுடையது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் இரவுகளுக்கு இந்தப் பழக்கம் அவசியம். முதலில் அழுகைதான். எங்கள் வீட்டில் அவர் கதையை மாற்றிச் சொல்கிறார் என்று தினமும் பஞ்சாயத்து!

"விளையாடத் தம்பி வரப்போகிறான்" என்று ஆசை காட்டாதீர்கள். பிறந்த குழந்தை பெரும்பாலும் தூங்கும், பால் குடிக்கும், அழும். அதையே சொல்லுங்கள். நான் என் மகளின் கைக்குழந்தைப் படங்களைக் காட்டித்தான் சொன்னேன்.

அப்புறம், பாப்பாவுக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் வெளியே வரும் ஒரு விளையாட்டுப் பெட்டி மூத்தவளுக்காகத் தயாராக இருக்கட்டும். பெரிய ஸ்டிக்கர்கள், மூடி திருகும் டப்பாக்கள் போதும். பொத்தான் பேட்டரி உள்ள எதையும் போடாதீர்கள், விழுங்கினால் ஆபத்து.