லைவ் எடுக்கிற தம்பிமாரே, ⏸️ (போஸ்) வேற ⏹️ (ஸ்டொப்) வேற

போன கிழமை கல்லடில ஒரு கல்யாண லைவுக்கு புதுப் பொடியன்மார் ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போனன். மேளம் அடிக்கிற நேரம் கத்தினாலும் கேக்காது, அதால கமராவில நிக்கிறவர் லெப்டொப்பில இருக்கிறவருக்கு வட்சப்பில எமோஜிதான் போடுறது. ஒத்திகையில ஒருத்தன் ⏹️ போட்டான் பாருங்க, எனக்கு நெஞ்சு பக்கெண்டு போயிட்டு. நான் முந்தி விட்ட அதே பிழை. பெற்றரி சார்ஜ் இல்லாம வாறது, டேட்டா முடியிறதெல்லாம் இஞ்ச சொல்லல்ல, அது உங்களுக்கே தெரியும்.

போஸ் கேக்கப்போய் ஸ்டொப் போடுறது

ஆரையம்பதில ஒரு கல்யாணம், ஆனி மாசம், முகூர்த்தம் காலம 10:30. டொரன்டோல அப்ப ராத்திரி 1 மணி, பொம்பிளைட மாமா நித்திரை முழிச்சிக் காத்திட்டு இருக்கார். தாலிக்கு கொஞ்சம் முன்னுக்கு கமராட பெற்றரி மாத்த வேண்டி வந்திச்சு, ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க எண்ட நினைப்பில நான் ⏹️ போட்டன், லெப்டொப்பில இருந்த தம்பி சரியாத்தான் விளங்கினான், லைவையே முடிச்சிட்டான். முடிச்ச லைவ அதே லிங்கில திருப்பித் தொடங்க ஏலாது. புது லிங்க் எடுத்து குடும்பக் குரூப்புக்குப் போய்ச் சேரக்குள்ள தாலி கட்டி முடிஞ்சிட்டு. மாமா ஒண்டும் ஏசல்ல. "பரவாயில்ல மகன், வீடியோவில பாப்பம்" எண்டார், அதத்தான் இண்டைக்கும் என்னால தாங்க ஏலாம இருக்கு.

கசற் பாவிச்ச ஆக்களுக்கு இது கையிலயே இருக்கும். ரெண்டு கோடு எண்டா நிண்ட இடத்திலயே நிக்கும், சதுரம் எண்டா வேலை முடிஞ்சிது. ஆனா லெப்டொப்பில லைவ் அனுப்புற ஓபிஎஸ் சொஃப்ட்வெயார்ல ரெக்கோர்டிங்குக்குத்தான் போஸ் இருக்கு, லைவுக்கு இல்ல. அதால எங்கட ஆக்களுக்குள்ள ⏸️ எண்டா பொம்பிளை மாப்பிளை படம் போட்ட ஸீனுக்கு மாறி ஒடியோவ மியூட் பண்ணு, லைவத் தொடாத எண்டு முதல்லயே பேசி வைச்சிருக்கம். யூடியூப்ல ஓட்டோ ஸ்டொப்பையும் ஓஃப் பண்ணி வைங்க, அது ஓன்ல கிடந்தா லெப்டொப் பக்கம் அனுப்புறத நிப்பாட்டினாலே லைவ் முடிஞ்சிடும்.

நிறத்தச் சொல்லி அடையாளம் காட்டுறது

"அந்த ஒரேஞ்சுப் பெட்டியப் போடு" எண்டு சொல்லாதீங்க. கூகுள் எமோஜில ஒரேஞ்சு, ஆப்பிள்ல நீலம். உள்ளுக்க இருக்கிற வடிவத்தச் சொல்லுங்க. ⏸️ ⏹️ ⏺️ மூண்டும் 2014ல யுனிகோட் (எழுத்து, எமோஜிக்கெல்லாம் உள்ள பொதுத் தரம்) 7.0லதான் வந்தது, அதுக்கு முந்தின பழைய ஃபோன்ல வெறும் கட்டமாத்தான் தெரியலாம், அப்பிடி ஒரு ஃபோன் குழுவில இருந்தா எழுத்தில போடுங்க.

⏯️

போடவே போடாதீங்க. ரிமோட்டில ஒரே பட்டன், ஓடினா நிக்கும், நிண்டா ஓடும். மெசேஜில வந்தா இப்ப ஓடவா நிக்கவா எண்டு மற்றவனுக்கு எப்பிடித் தெரியும்?

🔴 ரெக்கோர்ட் இல்ல

அது வெறும் சிவப்பு வட்டம். ரெக்கோர்ட் எண்டா ⏺️.

⏩ உம் ⏭️ உம்

எடிட்டிங் குறிப்பில இது மாறினா ஒரு நாள் வேலை போகும். ⏩ எண்டா அந்தத் துண்ட வேகமா ஓட்டு, துண்டு வீடியோவில இருக்கோணும். கடைசில கோடு போட்ட ⏭️ எண்டா அத விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. ஆலாத்தி எடுக்கிற இடத்துக்கு ⏭️ எழுதிக் குடுத்திட்டு மறுகா அத எங்க எண்டு எடிட்டரத் தேடக் கூடாது.

⏏️

அப்லோட் இல்ல. கார்ட்டக் கழட்டலாம் எண்டதுக்கு மட்டும்.