பம்ப் அடித்தாயிற்று, மருந்து எங்கே போனது?

மூச்சு முட்டும் பிள்ளைக்கு இன்ஹேலர் பாவிப்பவர்கள், "பம்ப் அடிச்சும் முட்டு குறையேல்லை" என்று கிளினிக்கில் சொன்னால், "எப்பிடி அடிக்கிறனீங்கள், ஒருக்கால் செய்து காட்டுங்கோ" என்பார்கள். பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்திலேயே விடை கிடைத்துவிடும். மருந்து பிள்ளையின் கன்னத்திலும் கண்ணிலும், இன்ஹேலருக்கும் மாஸ்க்குக்கும் இடையில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசரின் சுவரிலும் படிந்திருக்கும். சுவாசப்பைக்குப் போயிருக்காது.

முதலாவது பிழை மாஸ்க்கில். பிள்ளை திமிறுகிறதே என்று மாஸ்க்கை முகத்துக்கு முன்னால் சும்மா பிடித்துக்கொண்டு அடிப்பவர்கள் ஏராளம். ஒரு பக்கத்தில் சின்ன இடைவெளி இருந்தாலே பிள்ளை அதற்குள்ளால்தான் மூச்சை இழுக்கும். ஸ்பேசருக்குள் இருக்கும் மருந்து அப்படியே கிடக்கும். பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்தி, பிடரி உங்கள் நெஞ்சில் சாயும்படி வையுங்கள். மாஸ்க்கின் கீழ் விளிம்பை முதலில் நாடிக் குழியில் பதித்து, பிறகு மூக்குத் தண்டு வரை சாய்த்து மூடுங்கள். ஒரு அடி அடித்துவிட்டு ஸ்பேசரின் வால்வைப் பாருங்கள்: மூச்சுக்கு மூச்சு அது அசைய வேண்டும். ஐந்து, ஆறு மூச்சு எண்ணும்வரை மாஸ்க்கை எடுக்காதீர்கள். வால்வு அசையவில்லை என்றால் காற்று எங்கோ ஒழுகுகிறது, அல்லது வால்வு ஒட்டிப்போயிருக்கிறது.

"அழுதால் நல்லா இழுக்கும்" என்று அம்மம்மாமார் சொல்வதுண்டு. உண்மை நேர்மாறானது. அழும் பிள்ளை நீளமாக மூச்சை வெளியே விட்டு, சட்டென்று வேகமாக உள்ளே இழுக்கும். அந்த வேகத்தில் மருந்து வாயிலும் தொண்டையிலும் மோதி அங்கேயே நின்றுவிடும். முட்டு இல்லாத நாளில் மாஸ்க்கைப் பிள்ளையின் கையில் விளையாடக் கொடுங்கள். பொம்மைக்கும் ஒரு தடவை 'மருந்து' கொடுக்கட்டும்.

இரண்டு அடி என்று துண்டில் எழுதியிருந்தால் இரண்டையும் ஒன்றாக அடித்து முடிப்பது அடுத்த பிழை. ஸ்பேசருக்குள் துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒன்று அடியுங்கள், மூச்சு எண்ணுங்கள், அரை நிமிடம் விடுங்கள், இன்ஹேலரை மறுபடி குலுக்கி அடுத்ததை அடியுங்கள். புதிய இன்ஹேலர் என்றாலோ, பல நாள் தொடாமல் கிடந்தது என்றாலோ முதலில் இரண்டு அடி வெளியில் அடித்துவிட வேண்டும். முடிந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மிஞ்சியிருக்கும், அடித்தால் சத்தமும் வரும். அடியைத்தான் எண்ண வேண்டும்: 200 அடி கொண்ட இன்ஹேலரில் காலை இரண்டு, மாலை இரண்டு என்றால் 50 நாள். தொடங்கிய திகதியை அதிலேயே பேனையால் எழுதிவிடுங்கள்.

ஸ்பேசரைக் கழுவித் துவாயால் பளபளவென்று துடைத்து வைப்பது நம் வீடுகளின் சுத்தப் பழக்கம். இங்கே அது கெடுதல். தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவருக்கு இழுத்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு அலசி, உதறி, நிழலில் தானாகக் காயவிடுங்கள். மாதம் ஒருமுறை போதும். புதிதாக வாங்கியதையும் கழுவிய பிறகே பாவியுங்கள்.

இன்ஹேலரைப் பெயரைப் பார்த்து எடுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். சல்பியூட்டமோல் வழக்கமாக நீலத்தில் வரும். அது முட்டு வந்த நேரத்துக்கு. தினமும் கொடுக்கச் சொல்லும் ஸ்டீரோயிட் வகை, உதாரணமாக பெக்ளோமெதசோன், மண்ணிற உறையில் வருவது வழக்கம். கம்பனிக்குக் கம்பனி மாறவும் கூடும். முட்டு வந்த நேரத்தில் இந்த ஸ்டீரோயிட்டை அடித்துவிட்டுக் காத்திருப்பதும், நன்றாக இருக்கிறானே என்று இதை நாமாகவே நிறுத்துவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். இது அழற்சியை நாள்படக் குறைக்கும், அடைப்பை உடனே திறக்காது. கொடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்கச் செய்து, மாஸ்க் பட்ட முகத்தையும் துடைத்துவிடுங்கள். தவறினால் நாக்கில் வெண்படலம் வரும்.

இனி நெபுலைசர், அதாவது மருந்துக் கரைசலை நுண்துளியாக்கும் மெஷின். சாதாரண முட்டுக்கு ஸ்பேசர் இதற்குக் குறைந்ததல்ல, நெஞ்சுப் படபடப்பும் ஸ்பேசரில் குறைவு. மெஷின் வாங்க யோசிக்கும் பலருக்கு நல்ல ஸ்பேசர் ஒன்றே போதும் என்பது எங்கள் எண்ணம். வைத்தியர் சொல்லி வீட்டில் வைத்திருப்பவர்கள் அளவில் கவனமாக இருக்க வேண்டும். சல்பியூட்டமோல் கரைசலில் 1 மி.லீ.க்கு 5 மி.கி. உள்ள போத்தல் உண்டு. 2.5 மி.கி. என்று எழுதியிருந்தால் எடுக்க வேண்டியது அரை மி.லீ. அதை 2.5 மி.லீ. என்று வாசித்தால் ஐந்து மடங்கு போய்விடும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். 5 மி.லீ. சிறிஞ்சில் ஒரு கோடு 0.2 மி.லீ. ஆகையால் அரையைச் சரியாக அளக்க முடியாது. 1 மி.லீ. சிறிஞ் வாங்குங்கள்.

மருந்தோடு 0.9% சேலைன் (உப்புக் கரைசல்) சேர்த்து மொத்தம் 3 முதல் 4 மி.லீ. ஆக்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் 1 மி.லீ. வரை எப்போதும் மிஞ்சிவிடும் என்பதால், குறைவாக விட்டால் மருந்தில் பாதி அங்கேயே நிற்கும். கிணற்றுத் தண்ணீரோ கொதித்தாறிய தண்ணீரோ சேலைனுக்குப் பதிலாகாது. நேரடியாக ஊற்றும்படி கலந்து வரும் அம்பூலில் சேலைன் சேர்க்கத் தேவையில்லை. தைலம், பாம், யூக்கலிப்டஸ் எண்ணெய் எதுவும் கிண்ணத்துக்குள் போகக் கூடாது. மெஷினில் வருவது வேது பிடிக்கும் ஆவியல்ல, மருந்தின் நுண்துளி. சட்டியில் ஆவி பிடித்தால் முட்டும் குறையாது, தட்டுப்பட்டால் பிள்ளை வெந்தும் போகும்.

யாழ்ப்பாணம் வலிகாமத்துச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீரில் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு நெபுலைசரின் ஊசித்துளையை அடைக்கும். புகை மெலிந்து, ஐந்து பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது இருபது நிமிடம் இழுக்கும். குண்டூசியால் குத்தாதீர்கள்: துளை அகன்றால் துளியும் பெருத்துத் தொண்டையோடு நின்றுவிடும். ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கிண்ணத்தை அரை மணித்தியாலம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் கிருமி வளரும். குழாயைக் கழுவ வேண்டாம். கிண்ணத்தைக் கழற்றிவிட்டு மெஷினை ஒரு நிமிடம் ஓடவிட்டால் உள்ளீரம் போய்விடும்.

கரண்ட் இல்லாத இரவில் ஸ்பேசரும் கைக்கு எட்டாவிட்டால், கழுவிக் காயவைத்த 500 மி.லீ. தண்ணீர்ப் போத்தலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும் துளை வெட்டி, சுற்றி ரேப் ஒட்டிப் பாவிக்கலாம். இப்படி அடைத்த போத்தல் கடை ஸ்பேசருக்கு ஈடானது என்று 1999இல் தென்னாபிரிக்க ஆய்வொன்று காட்டியது. அந்நேரம் அறையில் நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் வேண்டாம். முற்றத்தில் காவோலை கொளுத்துவதையும் தள்ளிப்போடுங்கள்.

முட்டு வந்தால் வைத்தியர் தந்த திட்டப்படி செய்யுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வழக்கமாகச் சொல்வது சல்பியூட்டமோல் இரண்டு அடி, தேவைப்பட்டால் 20 நிமிட இடைவெளியில் இன்னும் இருமுறை. அதற்கும் குறையாவிட்டால், குறைந்து சில மணித்தியாலத்துக்குள் திரும்ப வந்தால், வீட்டில் நிற்க வேண்டாம். விலாவுக்கு இடையில் குழி விழுவது, பால் குடிக்கவோ கதைக்கவோ முடியாமை, உதடு நீலித்தல், சோர்ந்து மயங்குதல் கண்டால் எண்ணிக்கொண்டிருக்காமல் இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை ஸ்பேசரில் அடிப்பதை விடாதீர்கள். அடித்த நேரங்களை ஒரு துண்டில் எழுதி, இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோங்கள்.