'ஆக' வந்தால் 'லி' போடலாமா?

வேலைக்கான விண்ணப்பம் ஒன்றில் 'ஐ ஒர்க் ஹார்ட்லி' என்று எழுதி அனுப்பியவன் நான். கடினமாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்தேன். படித்தவருக்கு ஏறக்குறைய 'நான் வேலை செய்வதே அபூர்வம்' என்று போய்ச் சேர்ந்திருக்கும். பதில் வரவில்லை. அதன் பிறகுதான் பெயரடை, வினையடை இரண்டையும் உட்கார்ந்து படித்தேன்.

படி 1: தமிழில் 'ஆன' வந்தால் பெயரடை, 'ஆக' வந்தால் வினையடை. அழகான பாட்டு, அழகாகப் பாடினாள். ஆங்கிலத்தில் முதலாவது 'பியூட்டிஃபுல்', இரண்டாவது 'பியூட்டிஃபுல்லி'. பெயரடையோடு 'எல்', 'ஒய்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் பெரும்பாலும் வினையடை கிடைத்துவிடும்.

படி 2: எழுத்துக்கூட்டல். 'ஹேப்பி' போல 'ஒய்' எழுத்தில் முடிந்தால் அது 'ஐ' ஆக மாறிய பிறகே 'லி' சேரும். 'பேசிக்' போல 'ஐசி' என்று முடிந்தால் நடுவில் 'ஏஎல்' நுழையும். 'பப்ளிக்' மட்டும் இதற்கு அடங்காது, அங்கே நேராக 'லி'தான். இதற்கு மேல் விதிகளை மனப்பாடம் செய்யாதீர்கள், எழுத எழுதக் கை பழகிவிடும்.

படி 3: நான் பல மாதம் சறுக்கிய இடம் இதுதான். 'அமைதியாக' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவன் அமைதியாகப் பேசினான்.
அவன் அமைதியாக இருந்தான்.

தமிழில் இரண்டிலும் 'ஆக'. ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்துக்கு 'குவையட்லி', இரண்டாவதற்கு வெறும் 'குவையட்'. நாம் 'அழகாக இருக்கிறாள்' என்கிறோம், அவர்கள் 'அழகான இருக்கிறாள்' என்று சொல்வதைப் போல 'ஷி இஸ் பியூட்டிஃபுல்' என்கிறார்கள். 'இரு' என்ற வினைக்கு முன்னால் வரும் நம்முடைய 'ஆக', ஆங்கிலத்துக்குப் போகும்போது பெயரடையாகிவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

'இரு' மட்டும் அல்ல. லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட் ஆகியவையும் இப்படி நடந்துகொள்ளும். மீன் குழம்பு நன்றாக மணக்கிறது என்பதற்கு 'ஸ்மெல்ஸ் குட்' போதும், 'வெல்' வேண்டாம். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' அல்லது 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'ஹி லுக்ட் ஆங்ரி' என்பது 'ஹி வாஸ் ஆங்ரி' ஆனாலும் பொருள் நிற்கிறது, எனவே பெயரடை. அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார் என்பதில் 'வாஸ்' போட்டால் வாக்கியமே சரிந்துவிடும். அங்கே 'ஆங்க்ரிலி'.

படி 4: 'லி'யை ஏற்காத சொற்கள். 'ஃபாஸ்ட்' வினையடையானாலும் 'ஃபாஸ்ட்'தான். 'ஹார்ட்' என்றால் கடினமாக, 'ஹார்ட்லி' என்றால் அரிதாக. 'லேட்' என்றால் தாமதமாக, 'லேட்லி' என்றால் அண்மைக்காலமாக. என் விண்ணப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

படி 5: இடம். சரளமாக ஆங்கிலம் பேசுகிறார் என்று நாம் முன்னால் வைப்பதை அவர்கள் கடைசிக்குத் தள்ளுவார்கள்: 'ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ஃபுளூயன்ட்லி'. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் மட்டும் வினையடையைச் செருக வேண்டாம்.

மொழிபெயர்ப்புச் செயலியை இந்தப் பயிற்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது விடையைக் கொடுக்கும், காரணத்தைக் கொடுக்காது. கற்போருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதி ஒன்று போதும். பெயரடையா வினையடையா என்று சொல்லுக்குப் பக்கத்திலேயே குறித்து, எடுத்துக்காட்டு வாக்கியமும் தந்திருப்பார்கள். கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று. இடப்பக்கம் 'ஆக' வரும் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் ஆங்கிலம்.

பின்சேர்க்கை: 'ஃபிரெண்ட்லி' என்பதை வினையடை என்று நினைத்துப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது பெயரடை. பழைய ஆங்கிலத்தில் பெயரடைக்கு 'லிச்', வினையடைக்கு 'லிச்செ' என்று இரண்டு ஈறுகள் இருந்தன. காலப்போக்கில் ஈறு தேய்ந்து இரண்டும் 'லி' என்றே நின்றுவிட்டன. அதனால்தான் லவ்லி, லோன்லி எல்லாம் பெயரடைகள். நட்பாகப் பேசினார் என்பதற்கு 'இன் எ ஃபிரெண்ட்லி வே' என்று சுற்றித்தான் போக வேண்டும். 'டெய்லி' போன்ற சில சொற்கள் இரண்டு பக்கமும் செல்லும், நம்முடைய 'தினசரி' மாதிரி.