போர்க் கதையில் சிப்பாயின் மனச்சுமை: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

போரிலிருந்து திரும்பிய ஒருவன் நள்ளிரவில் அலறிக்கொண்டு எழுகிறான். உடம்பெல்லாம் வியர்வை. மனைவி தோளைத் தொட, கையைத் தட்டிவிடுகிறான். அடுத்த பத்தியில் குண்டு வெடிக்கிறது, உயிர் நண்பன் அவன் மடியில் சாகிறான். போர்க் கதை எழுத வருகிறவர்கள் பலரும் இந்தக் காட்சியில்தான் தொடங்குகிறார்கள். இப்படி நடப்பதில்லை என்று சொல்லவில்லை, நிறையவே நடக்கிறது. ஆனால் கதையில் இது வந்தவுடன் வாசகர் "சரி, இவனுக்குப் போர் பாதிப்பு" என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவன் எதைச் சுமக்கிறான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

சுமை என்றால் பயம், பயம் என்றால் சாவு பயம் என்று எடுத்துக்கொள்வதுதான் என் கணக்கில் முதல் தவறு. சிப்பாயின் மனதில் பயத்தைவிட நெடுநாள் தங்குவது வெட்கம். டிம் ஓ'பிரையன் வியட்நாம் போரில் இருந்தவர். 1990-இல் வந்த அவருடைய 'தி திங்ஸ் தே கேரீட்' நூலில் ஒரு கதை. கட்டாய ராணுவ சேவைக்கு உத்தரவு வந்த இளைஞன் கனடா எல்லை வரை போகிறான். ஆற்றைக் கடந்தால் தப்பித்துவிடலாம். கடக்க முடியவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம் தடுத்துவிடுகிறது. போருக்குப் போனதுதான் தன் கோழைத்தனம் என்று பின்னாளில் அவனே சொல்கிறான். துணிச்சல் எது, கோழைத்தனம் எது என்று நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு அங்கே கவிழ்ந்துவிடுகிறது. சாவு பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கதையை எழுதியிருக்கவே முடியாது.

வெட்கத்தோடு ஒட்டி வருவது, செய்ததும் செய்யாமல் விட்டதும். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994-இல் எழுதிய நூலில் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவிய வீரன் அக்கிலீஸை அவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன்னை நடத்தும் தலைமையே நியாயத்தை மீறிவிட்டது என்ற உணர்வு ஒரு வீரனை உள்ளுக்குள் எப்படி உடைக்கிறது என்பது அந்த நூலின் மையம். எதிரியால் வந்த காயம் ஒருபக்கம் இருக்க, தன் தரப்பால் வந்த காயமும் தன் கையால் வந்த காயமும் இருக்கின்றன. உங்கள் பாத்திரத்துக்கு இதில் எது என்று எழுதுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மூன்றையும் கலந்து 'போரின் கொடுமை' என்று பொதுவாகப் பூசிவிட்டால் கதையில் எந்த மனிதனும் இருக்க மாட்டான்.

இன்னொன்றும் உண்டு: எதுவுமே உணராமல் போவது. வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' (1925) நாவலில் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய செப்டிமஸ், தன் மேலதிகாரியும் நண்பனுமான எவன்ஸ் செத்தபோது தனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லையே என்று முதலில் தன்னையே மெச்சிக்கொள்கிறான். அந்த மரத்துப்போன நிலைதான் பிறகு அவனைத் தின்கிறது. மடியில் சாகும் நண்பன், வானத்தைப் பார்த்து அலறல் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அந்த நேரத்தில் அழாதவன்தான் பல வருடம் கழித்து அகப்பட்டுக்கொள்கிறான்.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. "அவன் மனம் கனத்தது", "சொல்லொணாத் துயரம் சூழ்ந்தது" என்பவை எழுதுகிறவருக்குத்தான் நிறைவு தரும். ஓ'பிரையன் எடையைச் சொல்கிறார். எம்-60 இயந்திரத் துப்பாக்கி குண்டுகள் இல்லாமலே 23 பவுண்டு. லெப்டினன்ட் கிராஸ் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் கடிதங்கள் 10 அவுன்ஸ். தன் ஆள் ஒருவன் சுடப்பட்டுச் சாகும்போது அவளை நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதற்காக கிராஸ் அந்தக் கடிதங்களை எரிக்கிறான். எரித்தும் ஒன்றும் குறையவில்லை. 10 அவுன்ஸ்தானே என்று நாம் முன்பு கடந்துபோன எண் இப்போது வந்து உறுத்துகிறது.

இதற்கு வெளியே போகவே வேண்டாம், நம் முல்லைப்பாட்டிலேயே இருக்கிறது. பாசறையில் அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கை படுக்கையில் ஊன்றியிருக்கிறது, இன்னொரு கை தலையைத் தாங்குகிறது. புண்பட்டுப் பெண் யானைகளை மறந்துவிட்ட களிறுகள், சோற்றுக் கடன் தீர்த்துச் செத்தவர்கள், அம்பு தைத்துச் செவி சாய்த்துத் தீனி தின்னாமல் நிற்கும் குதிரைகள் என்று அவன் நினைப்பு ஓடுகிறது. அரசன் வருந்தினான் என்று அதைப் பாடிய நப்பூதனார் சொல்வதில்லை. அந்தக் குதிரையின் காது போதும். (பட்டியல் போடுவதும் இப்போது ஒரு மலிவான உத்தியாகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையில் என்னென்ன இருந்தன என்று அரைப் பக்கம் எழுதிவிட்டு, அதில் ஒன்றுகூடப் பிறகு கதைக்குள் திரும்பி வரவில்லை என்றால் அது வெறும் சரக்குக் கணக்கு.)

சிப்பாய்களை எப்போதும் சோகமாகவே வைத்திருக்கிறவர்களும் உண்டு. போர்முனையில் நாள்கணக்காகச் சலிப்பு, சீட்டாட்டம், வாய்கூசும் நகைச்சுவை எல்லாம் இருக்கும். முதல் உலகப் போரின் ஜெர்மன் சிப்பாய்களைப் பற்றிய ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' (1929) நாவலில் கால் துண்டிக்கப்பட்டுச் சாகக் கிடக்கும் கெம்மெரிக்கைப் பார்க்கப் போகும் முல்லரின் கண் அவனுடைய பூட்ஸ் மேலேயே இருக்கிறது. முல்லர் கெட்டவன் இல்லை. நல்ல பூட்ஸ் கிடைப்பது அங்கே அவ்வளவு அரிது. இந்த இடத்தில் ஆசிரியர் குறுக்கே வந்து முல்லரைக் கண்டித்திருந்தால் காட்சி செத்திருக்கும்.

கதையைப் போர்க்களத்தோடு முடித்துக்கொள்வதும் பெரிய இழப்பு. சுமை முழு எடையோடு இறங்குவது வீட்டில்தான். அதே நாவலில் விடுப்பில் ஊருக்கு வரும் கதைசொல்லி பால், கெம்மெரிக்கின் தாயைப் பார்க்கப் போகிறான். மகன் வலி தெரியாமல் உடனே செத்துப்போனான் என்று பொய் சொல்கிறான், சத்தியமும் செய்கிறான். இன்னொரு பக்கம் போர்முனையைப் பார்த்தே இராத பெரியவர்கள், பாரிஸ் வரை எப்படி முன்னேற வேண்டும் என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே விடுப்பில் அவன் தாங்கியாக வேண்டும்.

ஹெமிங்வேயின் 'சோல்ஜர்ஸ் ஹோம்' (1925) இன்னும் நுணுக்கமானது. முதல் உலகப் போருக்குப் போன கிரெப்ஸ் தாமதமாக ஊர் திரும்புகிறான். வரவேற்பெல்லாம் முடிந்துவிட்டது. ஊர் ஏற்கெனவே நிறைய அட்டூழியக் கதைகளைக் கேட்டிருப்பதால் உண்மையைச் சொன்னால் கேட்க ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறான். அப்படிச் சொல்லச் சொல்ல, தனக்கு நிஜமாக நடந்தது எல்லாமே அவனுக்குக் கசந்துபோகிறது. போரில் அவன் நன்றாகச் செய்த காரியங்களின் நினைவும் அதோடு சேர்ந்து கெட்டுப்போகிறது. சண்டைக் காட்சி ஒன்றுகூட இல்லாத கதை இது.

காலத்தைக் கவனிக்காமல் எழுதுவது சின்னத் தவறு போலத் தெரியும், அப்படி இல்லை. பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்தக் கோளாறு, அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது 1980-இல். முதல் உலகப் போர்க் கதையில் ஒருவன் தன் நிலையை அந்தத் தெளிவோடு பேசினால் நம்ப முடியாது. அன்று கை நடுங்கியவனைக் கோழை என்றார்கள். அந்தப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் 2006-இல்தான் மன்னிப்பு வழங்கியது. அந்த அச்சமும் அவர்கள் சுமையில் சேர்த்தி.

அப்புறம், முடிவு. கடைசி அத்தியாயத்தில் நாயகன் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுது லேசாகிவிடுவான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அதற்கு முந்தைய பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பல சமயம் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஓ'பிரையன் தன் நூலில் கியோவா என்ற சிப்பாயின் சாவைத் திரும்பத் திரும்ப, வெவ்வேறு ஆளின் பக்கத்திலிருந்து சொல்கிறார். யாருடைய தவறு என்பது கதைக்குக் கதை நகர்கிறது. நினைவும் அப்படித்தான் வேலை செய்கிறது, ஒருமுறை கொட்டித் தீர்த்ததோடு அது விடுவதில்லை.

போருக்கே போகாதவர் இதையெல்லாம் எழுதலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். ஸ்டீபன் கிரேன் பிறந்தது 1871-இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு ஆண்டு கழித்து. சண்டை சூடு பிடித்ததும் ஓடிப்போன ஒரு பையனின் வெட்கத்தை வைத்து, ஒரு போரையும் நேரில் பார்த்திராத நிலையில் அவர் எழுதிய 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' நாவல் 1895-இல் நூலாக வந்தது. போரின் பெயரையோ தேதியையோ அதில் அவர் சொல்லவில்லை. அந்தப் பையனின் தலைக்குள் என்ன ஓடியது என்பதில்தான் மெனக்கெட்டிருக்கிறார்.