மதப் பாகுபாட்டு மனு: சத்துவாச்சாரியில் நான் பார்க்கும் தவறுகள்

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் ஒரு ஜூனியர் வக்கீல் தன் மனுவின் நகலை நீட்டினார். முதல் பக்கத்திலேயே 14, 15, 16, 25 என்று சமத்துவமும் மதச் சுதந்திரமும் பேசும் அரசியலமைப்புக் கூறுகள் மாலை கோத்ததுபோல் இருந்தன. எதிர்மனுதாரரோ ஒரு தனியார் கடை முதலாளி. எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்தது. வக்காலத்தில் ஸ்டாம்பு ஒட்ட மறப்பதெல்லாம் நாலு திட்டு வாங்கினால் சரியாகிவிடும். தனியார் முதலாளிமேல் இந்தக் கூறுகளை ஏவும் தவறு அப்படிச் சரியாவதில்லை.

முதலாளியை அரசாங்கமாக நினைப்பது

நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நாலு வருடம் நின்ற ஒரு பெண் வந்தார். கிறிஸ்தவர். ஆயுத பூஜை அன்று கல்லாவுக்குச் சூடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். தட்டைத் தொட மாட்டேன் என்று ஒதுங்கி நின்றுவிட்டார். மறுநாள் வாட்ஸாப்பில் ஒரு குரல் பதிவு: “நாளையிலிருந்து வர வேண்டாம்மா.” உத்தரவு என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

நான் துள்ளிக் குதித்து, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் கூறின் கீழ் ரிட் மனு, அதாவது பெரும்பாலும் அரசுக்கு எதிராக உத்தரவு கேட்கும் மனு, போட்டேன். 25 மனச்சாட்சியைக் காக்கிறது, 16 வேலையில் மதப் பாகுபாட்டைத் தடுக்கிறது, வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு. ஐந்து மாதம் கழித்து விசாரணைக்கு வந்தது. “எதிர்மனுதாரர் எந்தத் துறை?” என்றார் நீதிபதி. கடை என்றேன். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு காட்பாடிக்கு ரயிலேறினேன்.

16 அரசுப் பணிக்கு மட்டும். 15(1) அரசைக் கட்டுப்படுத்துவது. 15(2)தான் கடை, உணவகம் என்று தனியார் வாசலுக்குள்ளும் நுழைகிறது. அதுவும் வாங்க வருபவருக்காக. சேலை வாங்க வந்த கிறிஸ்தவரை மதம் காட்டித் தடுக்க முடியாது; சேலையை விரித்துக் காட்டும் கிறிஸ்தவரை வீட்டுக்கு அனுப்பினால் அந்தக் கூறு கைகொடுக்காது. தனியார் வேலையில் மதப் பாகுபாட்டைப் பொதுவாகத் தடை செய்யும் மத்தியச் சட்டம் இன்றுவரை இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2023 கௌஷல் கிஷோர் தீர்ப்பைக் காட்டுகிறவர்கள் உண்டு; அது பேச்சுரிமை முதலானவற்றைத் தரும் 19, வாழ்வுரிமை தரும் 21 ஆகியவற்றைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்றது. 16 அதில் இல்லை.

போக வேண்டிய வழி என் அலமாரியிலேயே இருந்தது: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்தியிருக்க வேண்டும். தட்டைத் தொடாதது நியாயமான காரணமா என்று முதலாளி விளக்கட்டும். மதம் என்ற சொல்லை நாம் எடுக்கவே வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிரிவின் கீழ் போட வேண்டிய மேல்முறையீட்டுக்குக் கெடு குறுகியது. நான் சென்னைக்கு அலைந்ததில் அது போயே போய்விட்டது. தாமத மன்னிப்பு மனுவோடு தொடங்கினோம். அதற்குள் அந்தப் பெண் ஆற்காட்டில் வேறொரு கடையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தார்.

முதலாளிக்கும் மதம் உண்டு

தன் கடையில் பூஜை செய்வது அவர் உரிமை. அதைக் குறைகூறி ஒரு வரி எழுதினாலும் வழக்கு திசைமாறும். தட்டை ஏந்தச் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிறுபான்மை நிறுவனம் என்றால் எல்லாவற்றிலும் விலக்கு

கிடையாது. நம்மூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நீட் தேர்வை எதிர்த்துப் போன வழக்கிலேயே, சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைச் சொல்லும் 30-ஆவது கூறு அதிலிருந்து விலக்குத் தராது என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கோயில் பதவிகள்

மத நிறுவனப் பதவிக்கு அந்த மதத்தவர்தான் வர வேண்டும் என்ற சட்டத்தை அனுமதிக்கும் 16(5)-ஐப் படித்துவிட்டு வாருங்கள்.

அமெரிக்கக் கேக்

ஒருபாலின இணையரின் திருமணத்துக்குக் கேக் செய்ய மத நம்பிக்கையைச் சொல்லி மறுத்த கடைக்காரர் பற்றிய, 2018-இல் தீர்ப்பான கொலராடோ கேக் வழக்கை மனுவில் ஒட்டாதீர்கள். அங்கே வணிகத்துக்கென்றே மாநிலப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இருந்தது. தீர்ப்பும், புகாரை விசாரித்த மாநில ஆணையம் அந்தக் கடைக்காரரின் நம்பிக்கையிடம் பகையோடு நடந்துகொண்டது என்ற குறுகிய காரணத்தில்தான் நின்றது.

குரல் பதிவு

கட்சிக்காரர் கைப்பேசியை மாற்றுவதற்கு முன் வாங்கிவிடுங்கள். என் கட்சிக்காரர் மாற்றிவிட்டிருந்தார்.