அளவீடு சட்டமாகும் இடம்: சுற்றுச்சூழல் அறிவியலும் கொள்கையும் படிப்பது எப்படி

சேருவதற்கு முன்பு பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டு பாடத்திட்டத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். விளம்பரத்தில் காடும் காற்றாலையும் இருக்கும். எந்த செமஸ்டரில் வேதியியல், எதில் புள்ளியியல், சட்டத்துக்கு எத்தனை மணி நேரம், களப்பணி கட்டாயமா விருப்பமா என்பதெல்லாம் பாடத்திட்டத்தில்தான் தெரியும். அதில் குறிப்பாக ஒன்றைத் தேடுங்கள்: அறிவியல் பாடமும் கொள்கைப் பாடமும் ஒரே அசைன்மென்ட்டில் சந்திக்கிற இடம் எங்காவது இருக்கிறதா? பல இடங்களில் இருக்காது, இரண்டும் தனித்தனித் துறைகளில், ஒன்று செய்வது மற்றொன்றுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்காகச் சேரக் கூடாது என்றில்லை. ஆனால் இரண்டையும் இணைக்கிற வேலை முழுக்க உங்கள் தலையில் விழும் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

இணைப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, முதல் வருடத்திலேயே ஒரே ஒரு பிரச்சினையைப் பிடித்துக்கொண்டு படிப்பு முடியும் வரை விடாமல் அதன் பின்னாலேயே போவது. 'பருவநிலை மாற்றம்' என்கிற அளவுக்குப் பெரிதாக வேண்டாம், அதில் எங்கே நுழைவது என்றே தெரியாது. காற்றில் உள்ள நுண்துகள், ஆற்றில் சேரும் நைட்ரேட், மீத்தேன் கசிவு, பாதரசம், ஏதாவது ஒரு மீன் இனத்தின் எண்ணிக்கை, இப்படிக் கைக்கு அடங்குகிற ஒன்று. வேதியியல் வகுப்பில் அது எப்படி உருவாகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். புள்ளியியல் வகுப்பில் அதன் தரவை வைத்தே பழகுங்கள். சட்ட வகுப்பில் அதற்கு வரம்பு வைத்தது யார், எந்த அதிகாரத்தில் என்று கேளுங்கள். பொருளாதார வகுப்பில் அதைக் குறைக்கிற செலவை யார் சுமக்கிறார்கள் என்று தேடுங்கள். நான்கு பேராசிரியர்கள் நான்கு துண்டாகச் சொல்லித் தருவது அப்போதுதான் உங்களிடம் வந்து ஒன்றாகச் சேரும்.

எப்படிப் பின்தொடர்வது என்று பிடிபடாவிட்டால் ஓசோன் விவகாரத்தை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள், மாதிரியாக வைத்துக்கொள்ள அதைவிட நல்ல விஷயம் கிடையாது. குளிர்சாதனங்களிலும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் இருந்த குளோரோஃப்ளூரோகார்பன்கள் (சிஎஃப்சி) வளிமண்டலத்தின் மேலடுக்குக்குப் போய் ஓசோனைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974ல் எழுதினார்கள். அப்போது அது வேதியியல் கணிப்பு மட்டும்தான். 1985ல்தான், அண்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் வருடக்கணக்காகத் தரையிலிருந்து அளந்துவந்த பிரிட்டிஷ் குழு, அங்கே வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைவதை வெளியிட்டது. அடுத்த இரண்டே ஆண்டில், 1987 செப்டம்பரில், ஓசோனைச் சிதைக்கும் பொருட்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓசோன் படலத்தில் விழுந்த அந்த ஓட்டைக்குக் காரணம் சிஎஃப்சிதான் என்று அடித்துச் சொல்லும் சான்று அன்றைக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை என்பதைக் கவனியுங்கள், அறிவியல் முடிகிற வரை காத்திருந்து கொள்கை பிறக்கவில்லை.

இன்னும் உள்ளே போனால் விஷயம் சுவாரசியமாகிறது. முதலில் ஒப்புக்கொண்டது தடை அல்ல, 1990களின் இறுதிக்குள் சிஎஃப்சியைப் பாதியாகக் குறைப்பது மட்டும்தான். 1990ல் லண்டனிலும் 1992ல் கோபன்ஹேகனிலும் திருத்தி முழுத் தடையாக்கினார்கள், அதற்கு இடம் விட்டே ஒப்பந்தத்தை எழுதியிருந்தார்கள். வளரும் நாடுகள் மாறுவதற்கு ஆகும் செலவுக்கென்று தனி நிதி லண்டனில்தான் முடிவானது, அது இல்லாமல் பல நாடுகள் உள்ளே வந்திருக்காது. இவ்வளவுக்கும் பிறகு, சிஎஃப்சி-11 வாயு எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை, யாரோ எங்கோ புதிதாக வெளியிடுகிறார்கள் என்று 2018ல் காற்று அளவீடுகளை வைத்தே கண்டுபிடித்தார்கள். அளந்துகொண்டே இருந்ததால் மாட்டியது. அப்புறம் இன்னொரு திருப்பம்: சிஎஃப்சிக்கு மாற்றாக வந்த ஹெச்எஃப்சி (ஹைட்ரோஃப்ளூரோகார்பன்) வாயுக்கள் ஓசோனை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் பூமியைச் சூடாக்கின, அதனால் 2016ல் ருவாண்டாவின் கிகாலியில் அதே ஒப்பந்தத்தில் அவற்றையும் சேர்த்தார்கள். நீங்கள் பிடித்த பிரச்சினையிலும் கணிப்பு, அளவீடு, பேரம், பணம், திருத்தம், மீறல், எதிர்பாராத விளைவு என்று இத்தனையும் இருக்கும். எது இன்னும் நடக்கவில்லை என்று பாருங்கள், உங்கள் ஆய்வேட்டுக்கான கேள்வி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது எண்களைப் படிக்கிற பழக்கம். சட்டத்திலோ வழிகாட்டு நெறியிலோ ஒரு வரம்பு இருந்தால் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிஎம் 2.5 என்கிற, 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோ விட்டமுள்ள நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், 2005ல் அதுவே 10 ஆக இருந்தது. ஆனால் 24 மணி நேரச் சராசரிக்கு 15 என்கிறது, அதிலும் வருடத்தில் மூன்று நான்கு நாள் மீறுவதற்கு இடம் விட்டிருக்கிறது. ஆக எதை அளக்கிறோம், எவ்வளவு நேரத்துக்குச் சராசரி, எத்தனை முறை மீறலாம், எந்த இடத்தில் கருவியை வைக்கிறோம் என்று எல்லாமே அந்த ஒரு வரம்புக்குள் ஒளிந்திருக்கின்றன. கருவியைச் சாலையோரத்திலிருந்து பூங்காவுக்கு மாற்றினால் காற்று மாறாமலே நகரம் 'பாஸ்' ஆகிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது பரிந்துரைதான், சட்டமாவது அந்தந்த நாடு வைக்கும் எண். இரண்டுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று கேட்டாலே ஒரு செமஸ்டர் கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிடும்.

மீத்தேனை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால் அது எத்தனை மடங்கு சூடாக்கும்? 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 28 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். இரண்டும் சரியான அறிவியல், ஏனென்றால் மீத்தேன் வளிமண்டலத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடுகிறது. ஆனால் எந்தக் கணக்கை எடுப்பது என்பது அறிவியல் முடிவு அல்ல, எந்தத் தலைமுறையை மனதில் வைக்கிறோம் என்கிற முடிவு. இப்படி எண்ணுக்குள் புகுந்திருக்கும் தேர்வைக் கண்டுபிடிக்கிற கண்தான் இந்தப் படிப்பில் கிடைக்கிற பெரிய சொத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கண் வேண்டுமென்றால் புள்ளியியலைத் தவிர்க்க முடியாது. கொள்கைப் பக்கம் போகப் போகிறேன், எனக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்படும், எதிரே உட்காரப் போகிறவர் எண்களோடுதான் வருவார். தரவை அலச ஆர் அல்லது பைத்தான் என்கிற நிரல் மொழி, இரண்டில் ஒன்று போதும், அதோடு வரைபடங்களுக்கு க்யூஜிஐஎஸ் மென்பொருள், மூன்றும் இலவசம். பாடக் காணொளிகளை வரிசையாகப் பார்ப்பதை விட, உங்கள் பிரச்சினைக்கான பொதுத் தரவு ஒன்றை இறக்கிக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுங்கள். நடுவில் மாதக்கணக்கில் தரவு இருக்காது, கருவியை மாற்றிய நாளில் எண்கள் திடீரென்று குதிக்கும், ஒரே நிலையத்துக்கு இரண்டு பெயர் இருக்கும். பாடப்புத்தகத்தின் சுத்தமான அட்டவணை இதையெல்லாம் கற்றுத் தராது.

நிச்சயமின்மையைப் பற்றிப் பேசவும் பழக வேண்டும். பருவநிலை மாற்ற அறிவியலைத் தொகுத்துத் தரும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளில், வாய்ப்பைக் குறிக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. 'நிகழக்கூடும்' (likely) என்றால் 66 சதவீதத்துக்கு மேல், 'நிகழ மிகவும் வாய்ப்புண்டு' (very likely) என்றால் 90க்கு மேல் என்று வரையறுத்திருக்கிறார்கள். கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தை அரசுப் பிரதிநிதிகள் உட்கார்ந்து வரி வரியாக ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியிடுகிறார்கள், உள்ளே இருக்கும் நீண்ட அத்தியாயங்களுக்கு அப்படி வரி வரியான ஒப்புதல் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே விஷயத்தை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள், ஒரு மாலை நேரம் போதும்.

சரி, கொள்கைப் பக்கம். சட்டத்தைப் பற்றிய கட்டுரையை மட்டும் படித்துவிட்டு சட்டம் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள், மூலத்தைத் திறங்கள். முதலில் வரையறைப் பகுதி: 'கழிவு' என்றால் எது, 'ஈரநிலம்' என்றால் எது என்று அங்கேதான் பாதிச் சண்டை முடிந்துபோகிறது. அடுத்து 'செய்ய வேண்டும்' என்று எங்கே எழுதியிருக்கிறது, 'செய்யலாம்' என்று எங்கே எழுதியிருக்கிறது என்று இரண்டு நிறத்தில் அடிக்கோடு போடுங்கள். பிறகு விதிவிலக்கு, அபராதம், யார் சோதிக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை. அபராதம் சுத்திகரிப்புச் செலவை விடக் குறைவாக இருந்தால், சட்டம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதே கவனத்தோடு, ஒரு திட்டம் தொடங்கும் முன் அதனால் வரக்கூடிய பாதிப்பைக் கணிக்கிற சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளையும் படியுங்கள். அமெரிக்காவின் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி இன்று பெரும்பாலான நாடுகளில் இருக்கிற நடைமுறை அது. அடிப்படைத் தரவை எந்தப் பருவத்தில் எடுத்தார்கள், மாற்று இடங்களை உண்மையிலேயே பரிசீலித்தார்களா, பெயருக்குச் சேர்த்தார்களா என்று பாருங்கள். வலசைப் பறவைகள் வராத மாதத்தில் பறவைகளை எண்ணிய அறிக்கையை நீங்களே ஒரு நாள் பிடிப்பீர்கள்.

பொருளாதாரத்தில் இரண்டு விஷயங்களை மட்டும் ஆழமாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை பின்னால் வரும். ஒன்று, தள்ளுபடி வீதம், அதாவது எதிர்காலத்தில் வரும் லாப நஷ்டத்தின் மதிப்பை இன்றைக்குக் கணக்கிட ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைத்துக்கொள்கிறோம் என்பது. நூறு ஆண்டு கழித்து வரப்போகிற 100 அலகு நஷ்டத்தின் இன்றைய மதிப்பு, ஆண்டுக்கு 1 சதவீதம் என்றால் சுமார் 37, 3 சதவீதம் என்றால் 5 சொச்சம், 5 சதவீதம் என்றால் ஒன்றுக்கும் கீழே. 2006ல் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் பருவநிலை மாற்றம் பற்றிப் பிரிட்டிஷ் அரசுக்குத் தந்த அறிக்கையில் சுமார் 1.4 சதவீதம் வைத்ததையும், வில்லியம் நோர்ட்ஹாஸ் போன்ற பொருளாதார அறிஞர்கள் அதை மறுத்ததையும் படித்தால் பருவநிலைக் கொள்கையின் பெரிய சண்டை எங்கே நடக்கிறது என்று புரியும். இன்னொன்று, பொதுவளம், அதாவது பலரும் சேர்ந்து பயன்படுத்துகிற காடு, மேய்ச்சல் நிலம், நீர் போன்றவை. பொது மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968ல் வாதிட்டார். அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் சுவிஸ் மலைக் கிராமங்கள், ஜப்பானியக் காடுகள், ஸ்பெயின் பாசன வாய்க்கால்கள் என்று உண்மையான இடங்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தார். குளிர்காலம் முழுக்கத் தீவனம் போட்டுக் காப்பாற்ற முடிகிற அளவு மாடுகளைத்தான் மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று நூற்றாண்டுகளாக விதி வைத்து நிலத்தைக் காத்த ஊர் அதில் இருந்தது. 2009ல் பொருளாதார நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கோட்பாடு படிக்கும்போதெல்லாம் 'எந்த இடத்தில், யார் செய்து பார்த்தார்கள்' என்று கேட்கிற பழக்கம் ஆஸ்ட்ரத்தைப் படித்தால் தானாக வரும்.

களப்பணி வாய்ப்பு எது வந்தாலும் போங்கள், சோர்வான வேலையாக இருந்தாலும். மாதிரி எடுக்கிற பாட்டிலை எப்படிக் கழுவுகிறார்கள், ஆய்வகத்துக்குப் போகும் வரை எந்தக் குளிரில் வைக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்தவர்கள், பிறகு எந்த அறிக்கையைப் படித்தாலும் சரியான கேள்வி கேட்பார்கள்.

எழுத்துப் பயிற்சிக்கு, நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு பெரிய கட்டுரைக்கும் இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு ஒன்றைக் கூடவே எழுதுங்கள், யாரும் கேட்காவிட்டாலும். என்ன செய்ய வேண்டும் என்பது முதல் பத்தியில், ஏன் என்பது அடுத்து, எவ்வளவு செலவு, யார் எதிர்ப்பார்கள் என்பது அதன்பின். வழக்கமான ஆய்வுக் கட்டுரைக்கு இது தலைகீழ், அதனால்தான் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. எழுதியதை இந்தத் துறையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, என்ன செய்யச் சொல்கிறேன் என்று கேளுங்கள். அவர் தயங்கினால் முதல் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.

படிக்கப் படிக்க மனசு கனக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அழிவின் தரவை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் லேசான விஷயம் இல்லை. அந்த மாதிரி வாரங்களில் முடிந்துபோன வேலைகளைப் படிப்பது எனக்கு உதவுகிறது: 1920களில் தொடங்கிய ஈயம் கலந்த பெட்ரோல், சாலை வாகனங்களுக்கு விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவிலும் 2021ல் நின்றுபோனது. கூடவே, வகுப்பில் இதைப் பற்றி மனம் விட்டுப் பேசக்கூடிய இரண்டு மூன்று பேரையாவது தேடிக்கொள்ளுங்கள்.

கடைசி வருட ஆய்வேட்டுக்கு வழிகாட்டி ஒருவர் அறிவியல் பக்கத்திலிருந்தும் இன்னொருவர் கொள்கைப் பக்கத்திலிருந்தும் கிடைத்தால் நல்லது. விதிமுறை ஒருவரைத்தான் அனுமதிக்கிறது என்றால், மற்றப் பக்கத்து ஆசிரியரிடம் மாதம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள், கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். பயிற்சிக்குப் போகும்போது அலுவலக மேசை வேலை மட்டும் கொடுத்தால், ஒரே ஒரு நாளாவது சோதனைக்குப் போகிற அதிகாரியோடு வெளியே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஆலையில் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்க நேரமில்லை, படிவத்தில் எந்தக் கட்டம் காலியாகவே போகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு வந்து, அந்தப் படிவத்துக்குப் பின்னால் இருக்கிற சட்டப்பிரிவை அன்று இரவே எடுத்துப் படியுங்கள்.